எம்.ஏ. சேர்ந்தாயிற்று, அடுத்து?

(ஓர் அரசு கலைக் கல்லூரியில் முதுநிலை முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘இலக்கை நோக்கி’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான் கொடுத்த தலைப்பு இல்லை. போன வருஷ அழைப்பிதழில் தேதியை மட்டும் மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட கூட்டங்களில் பேச வருகிறவர் எடுத்த எடுப்பில், ‘உங்கள் இலக்கு என்ன, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்’ என்பார். முதல் வரிசையில் ஒருவர் கலெக்டர் என்பார். அடுத்தவர் பேராசிரியர் என்பார். மூன்றாவது ஆளும் கலெக்டர் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார். கடைசி பெஞ்சு வரை போவதற்குள் மணி அடித்துவிடும். அந்தச் சடங்கு இன்றைக்கு வேண்டாம்.

எதற்காகப் பி.ஜி. சேர்ந்தீர்கள் என்று உங்களை யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. நெடுங்காலம் வகுப்பெடுத்தவன் என்ற உரிமையில் நானே சொல்லிவிடுகிறேன். சிலர் அந்தப் பாடத்தின் மேல் உள்ள பிரியத்தால் சேர்ந்தீர்கள். அவர்கள் எண்ணிக்கை குறைவு. குறைவாக இருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. டிகிரி முடித்து வேலை கிடைக்காமல் வந்தவர்கள் இருக்கிறீர்கள். சும்மா வீட்டில் இருந்தால் தெருவில் நாலு பேர் கேட்பார்கள் என்று வந்தவர்கள் உண்டு. தோழி விண்ணப்பம் வாங்கியபோது கூட நின்றதால் சேர்ந்தவர்கள் உண்டு. பெண்பிள்ளைகளில் பலருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘படித்துக்கொண்டிருக்கிறாள்’ என்று சொல்லிவிட்டால் ஜாதகம் இரண்டு வருஷத்துக்குப் பீரோவிலேயே இருக்கும். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவர்களையும் நான் பார்க்கிறேன்.

இந்தக் காரணங்களில் எதையும் நான் மட்டமாக நினைக்கவில்லை. முடிவெடுக்க முடியாத வயதில் இரண்டு வருஷ அவகாசம் வாங்கியிருக்கிறீர்கள். அவகாசம் வாங்குவதும் ஒரு காரியம்தான். ஆனால் அது எவ்வளவு அவகாசம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

நான்கு செமஸ்டர். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்பது கணக்கு. ஆக மொத்தம் 360 நாள். அதில் இன்டர்னல், மாடல் தேர்வு, கலைவிழா, மழை விடுமுறை போய்விடும். நான்காவது செமஸ்டரில் பெரும்பகுதியைப் புராஜெக்ட் விழுங்கும். இளநிலையில் மூன்று வருஷம் இருந்தது. முதல் வருஷத்தை வேடிக்கை பார்த்துக் கழித்தாலும் பிடித்துக்கொள்ள முடிந்தது. இங்கே வேடிக்கை பார்த்துத் திரும்பினால் பாதி முடிந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பணம் இளநிலையோடு நின்றிருக்கும். வீட்டில் அதை நம்பி இருந்தவர்களுக்கு இந்த ஜூலையிலிருந்தே கை இறுக்கம் தெரிந்திருக்கும்.

மணி நேரக் கணக்கையும் பார்ப்போம். என்னிடம் படித்த ஒரு பெண், பெயர் வேண்டாம். டெல்டாப் பக்கம் ஒரு கிராமம். காலை ஆறே முக்காலுக்கு டவுன் பஸ், கட்டணமில்லாத பஸ், அதனால் கூட்டம். நின்றுகொண்டுதான் வர வேண்டும். பேருந்து நிலையத்தில் இறங்கி வேறு பஸ் மாறினால் அங்கே உட்கார இடம் கிடைக்கும். மாலை வீடு சேர ஆறரை. மாட்டுக்குத் தண்ணீர், தம்பிக்குக் கணக்கு, இரவுச் சமையலில் பாதி என்று ஒன்பது மணி ஆகிவிடும். புத்தகத்தைத் திறந்தால் தூக்கம். ‘எனக்கு நேரமே இல்லை சார், நான் எப்படி நெட் எழுதுவது’ என்று வந்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் கையாலேயே எழுதச் சொன்னேன். இரண்டாவது பஸ்ஸில் 40 நிமிஷம். மதியச் சாப்பாடு முடிந்து நூலகத்தில் 30 நிமிஷம். வாரத்துக்கு ஐந்து நாள். ஞாயிறு மதியம் வீடு தூங்கும் நேரத்தில் 3 மணி நேரம். கூட்டினால் ஏறக்குறைய 9 மணி நேரம் வந்தது. வருஷத்தில் 40 வாரம் என்று வைத்தால் 360 மணி நேரம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் அவள் பாடத்துக்குப் பத்து அலகுகள். அலகுக்கு 36 மணி நேரம்! அந்தத் தாளை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘இவ்வளவு இருக்கா சார்’ என்றாள்.

ஆகவே இலக்கு என்ற சொல்லைக் கேட்டதும் பதவியின் பெயரை நினைக்காதீர்கள். உங்களிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் எதை முடிவு செய்தாக வேண்டும் என்று பாருங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்: முதல் ஆண்டு முழுக்க எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள், அடுத்த மே மாத விடுமுறைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை விட்டுவிடுங்கள். எடுப்பதைக் காட்டிலும் விடுவதுதான் கஷ்டம். மூன்று படகில் கால் வைத்துக்கொண்டு இரண்டாம் ஆண்டுக்குள் நுழைகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நெட்டுக்கும் படிப்பார்கள், குரூப் 2-க்கும் படிப்பார்கள், பி.எட். விண்ணப்பமும் போட்டு வைப்பார்கள். மூன்றிலும் நாலு மதிப்பெண்ணில் போயிற்று என்பார்கள்.

ஏன் மே மாதம்? உங்களுக்கு முக்கியமான வாசல்கள் எல்லாம் இரண்டாம் ஆண்டில்தான் திறக்கின்றன. யுஜிசி நெட் வழக்கமாக வருஷத்துக்கு இரண்டு முறை, ஜூன் பருவம், டிசம்பர் பருவம் என்று வரும். பட்டம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் ஆண்டில் இருக்கும்போதே எழுதலாம்; முடிவு வந்த தேதியிலிருந்து 2 ஆண்டுக்குள் தேவையான மதிப்பெண்ணோடு பட்டத்தை முடித்துக் காட்டினால் போதும். அந்த மதிப்பெண் பொதுப் பிரிவுக்கு 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 50. முதல் தாளில் 50 கேள்விகள், இரண்டாம் தாளில் 100, ஒரே அமர்வில் 3 மணி நேரம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அறிவியல் மாணவர்களுக்கு சிஎஸ்ஐஆர் நெட். அங்கே குறைப்பார்கள், குருட்டாம்போக்கில் குறி வைக்க முடியாது.

கேட் தேர்வு பிப்ரவரியில் வரும். விண்ணப்பம் அதற்கு முன் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே முடிந்துவிடும். கேட் என்றால் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு என்றே நம் கல்லூரிகளில் நினைக்கிறார்கள். 2021-லிருந்து அதில் மானுடப் புலங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் என்று தனித் தாள் இருக்கிறது. பொருளாதாரம், ஆங்கிலம், மொழியியல், தத்துவம், உளவியல், சமூகவியல் படித்தவர்கள் எழுதலாம். அந்த மதிப்பெண் 3 ஆண்டுக்குச் செல்லும். ஐஐடிகளில் பி.எச்டி. வாசலுக்கு அது ஒரு சாவி. நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் அந்த விளம்பரத்தை யாரும் ஒட்டுவதில்லை.

கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விதிகளை நம்பி வாழ்க்கையைக் கட்டாதீர்கள், விதிகள் மாறும். என் காலத்தில் எம்.ஃபில். முடித்தவனுக்குத் தனி மரியாதை. 2022-இல் வந்த யுஜிசி ஒழுங்குமுறை அந்தப் படிப்பையே எடுத்துவிட்டது. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் ஆக பி.எச்டி. கட்டாயம் என்றார்கள், தள்ளி வைத்தார்கள், 2023 ஜூலையில் நெட் அல்லது மாநில அளவிலான செட் போதும், பி.எச்டி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று திருத்தினார்கள். இதற்கிடையில் எத்தனை பேர் எந்தக் கணக்கைப் போட்டு எந்தப் படிப்பில் சேர்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, தகுதி இருந்தும் தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராகப் பல வருஷம் நிற்பவர்கள் இந்தக் கட்டடத்திலேயே உங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பேசுங்கள். நான் மேடையில் சொல்வதைவிட அவர்கள் தேநீர் நேரத்தில் சொல்வது பயன்படும்.

பள்ளிக்கூடத்தில் முதுகலை ஆசிரியர் ஆக வேண்டும் என்பவர்கள் பி.எட்.டைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இப்போது அதுவும் 2 ஆண்டு. இளநிலையில் ஒரு பாடம், முதுநிலையில் வேறு பாடம் படிப்பவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டிஆர்பி) அறிவிக்கையில் தகுதிப் பகுதியை இன்றைக்கே எடுத்துப் படியுங்கள், கடைசி வருஷத்தில் அல்ல. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தருகிற சட்டம் 2010-இல் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தந்தப் பணிக்குக் கேட்கிற தகுதி வரை தொடக்கத்திலிருந்து தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். முதுநிலைத் தகுதி கேட்கும் பணிக்கு உங்கள் எம்.ஏ. எந்த வழி என்பதும் பார்க்கப்படும். சான்றிதழைக் கல்லூரியை விட்டுப் போகும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதற்கு எதற்கு எம்.ஏ.? குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குரூப் 2-க்கும் குரூப் 1-க்கும் ஒரு டிகிரி போதும். எம்.ஏ. இருப்பதால் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாகப் போட மாட்டார்கள். ‘ஹாஸ்டலில் இருந்துகொண்டு படிக்கலாம் சார், மெஸ் பில்லோடு போய்விடும்’ என்று ஒரு பையன் பதில் சொன்னான். நேர்மையான பதில், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அப்படி வந்தவர்கள் அதைத் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு, அரியர் வைக்காமல் பாஸ் செய்கிற அளவுக்கு எம்.ஏ.வைப் பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தைப் பரீட்சைக்குக் கொடுங்கள். ஆராய்ச்சி மாணவர் மாதிரி நடிக்க வேண்டியதில்லை.

‘இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் இல்லையா’ என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். சர் சி.வி. ராமன் 1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்தார். அதே ஆண்டில் நிதித்துறைப் பரீட்சை எழுதி முதலாவதாக வந்து, கல்கத்தாவில் கணக்குத்துறை அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தார். பத்து வருஷம் அந்த உத்தியோகம். அலுவலகத்துக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை. 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்ததும், சம்பளம் குறைவு என்று தெரிந்தே அரசு உத்தியோகத்தை விட்டார். இந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். 1906-லேயே, மாநிலக் கல்லூரி மாணவராக இருக்கும்போதே, அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழில் அச்சாகிவிட்டது. பரீட்சை மண்டபத்துக்குள் போகும்போது தனக்கு எந்த வேலை பிடிக்கும் என்று அவர் செய்து பார்த்தே தெரிந்து வைத்திருந்தார். உத்தியோகம் சோற்றுக்கு. நம் பிள்ளைகள் செய்து பார்ப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பரீட்சையை மட்டும் எழுதுகிறார்கள்.

ராமனைவிட எனக்கு நெருக்கமானவர் இன்னொருவர். சீர்காழிக்காரர், எஸ்.ஆர். ரங்கநாதன். நூலக அறிவியல் மாணவர்களுக்குத் தெரிந்த பெயர். மற்றவர்கள் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதத்தில் எம்.ஏ. படித்தார். மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணித ஆசிரியராக வேலை பார்த்தார். வகுப்பெடுப்பதில் அவருக்கு அத்தனை பிரியம். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். சம்பளம் கூடுதல் என்பதால் நண்பர்கள் வற்புறுத்தினார்கள் என்று சொல்வார்கள். போன சில நாளிலேயே அலுத்துவிட்டது. யாரும் வராத நூலகம். பேச ஆள் இல்லை. பழைய வேலைக்கே போய்விடுகிறேன் என்று கல்லூரிக்கு வந்து நின்றார். ‘எப்படியும் பயிற்சிக்கு இலண்டன் அனுப்புவார்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் இங்கே வந்துவிடலாம்’ என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

பிரிட்டனில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மைப் பெட்டியை விற்றுக்கொண்டிருந்தார்கள். சில துண்டுகள், நட்டு, போல்ட்டு. அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் வேறு வேறு பொம்மை. கணிதக்காரர் அங்கேயே நின்றுவிட்டார். புத்தகங்களை வகைப்படுத்தவும் இப்படித் துண்டுகளை வைத்துக்கொண்டு தேவைக்கேற்பச் சேர்த்தால் என்ன என்று தோன்றிற்று. அதுதான் 1933-இல் கோலன் பகுப்புமுறை என்று வெளிவந்தது. அதற்கு முன்பே, 1931-இல், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதிவிட்டார். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. உங்கள் ஊர்க் கிளை நூலகம் அந்தச் சட்டத்தின் பிள்ளை.

எம்.ஏ. முதல் வருஷத்தில் அவரிடம் இலக்கு என்ன என்று கேட்டிருந்தால் நூலகம் என்று சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்தப் பொம்மைக் கடையில் அவருக்குக் கை கொடுத்தது எம்.ஏ.வில் படித்த கணிதம். அதனால்தான் பதவியின் பெயரை விட்டுவிட்டு, ‘இரண்டு வருஷம் கழித்து எனக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும்’ என்று எழுதி வையுங்கள் என்கிறேன். பொருளாதாரம் படிப்பவர் என்றால், ‘அரசு வெளியிடும் கணக்கெடுப்புத் தரவை எடுத்து நானே அட்டவணை போடுவேன்’. ஆங்கிலம் என்றால், ‘பத்துப் பக்கத்தைத் தமிழிலிருந்து பிழையில்லாமல் மொழிபெயர்ப்பேன்’. வேதியியல் என்றால், ‘இந்தக் கருவியை யார் துணையும் இல்லாமல் இயக்குவேன்’. தனியார் கம்பெனி நேர்முகத்தில் கேட்பதும் இதைத்தான். மதிப்பெண் பட்டியலை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

தொட்டுப் பார்ப்பது என்றேனே, அது எப்படி என்று இரண்டு வழி சொல்கிறேன். ஆராய்ச்சி உங்களுக்கு ஒத்துவருமா என்று அறிய ஷோத்கங்கா இணையதளத்தில் போய்ப் பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பி.எச்டி. ஆய்வேடுகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். உங்கள் பாடத்தில் ஒன்றை எடுத்து முதல் இயலையும் கடைசி இயலையும் படியுங்கள். இதை ஐந்து வருஷம் செய்ய முடியுமா, அலுப்பாக இருக்கிறதா, ‘இவ்வளவுதானா, நான் இன்னும் நன்றாகச் செய்வேன்’ என்று கோபம் வருகிறதா? கோபம் வந்தால் நீங்கள் ஆராய்ச்சிக்குப் போகலாம். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்தில் 2025 ஜனவரியிலிருந்து 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. நம் கல்லூரி பதிந்திருக்கிறதா, எந்தக் கணினியில் திறக்கும் என்று இந்த வாரமே நூலகரைக் கேளுங்கள். கேட்க ஆள் வந்தால்தான் அவரும் மேலே எழுதிப் போடுவார்.

இரண்டாவது வழி, கோடைக்கால ஆய்வு உதவித்தொகை. மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்துவது. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. அதற்கு விண்ணப்பிக்கும் காலம் உங்கள் முதல் செமஸ்டருக்குள்ளேயே வந்து போய்விடும். விண்ணப்பத்தில், என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டும். வேதியியல் படித்த ஒரு பையன் அந்தக் குறிப்பை என்னிடம் காட்டினான். ‘சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்’ என்று தொடங்கி, நானோ தொழில்நுட்பத்தில் சாதனை படைக்க வேண்டும் என்று முடிந்தது. இந்த அரங்கத்தில் யார் பெயரையும் கீழே போட்டு அனுப்பலாம்.

‘நீ கையால் செய்த சோதனை ஏதாவது சொல்லுப்பா’ என்றேன்.

‘பி.எஸ்சி.யில் தண்ணியில குரோமியம் பார்த்தோம் சார்.’

‘எந்தத் தண்ணி?’

‘எங்க ஊர்க் கிணத்துத் தண்ணி சார். வாணியம்பாடி. தோல் ஷாப்பு பக்கம். டைஃபினைல் கார்பசைடு போட்டா ஊதாவா மாறும். எங்க பெரியப்பா கிணத்துத் தண்ணி மாறிச்சு சார். எங்க வீட்டுது மாறல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரப்புதான்.’

‘ஏன் மாறலை?’

‘தெரியல சார்.’

‘அதை எழுது’ என்றேன். வரப்புக்கு இந்தப் பக்கம் ஊதா, அந்தப் பக்கம் ஏன் இல்லை. அதுதான் கேள்வி. அதை வைத்து மறுபடி எழுதினான். உதவித்தொகை அந்த வருஷம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் குறிப்பே அவனுடைய எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு முதல் பக்கம் ஆயிற்று. நான்காவது செமஸ்டரில் மற்றவர்கள் சீனியரின் புராஜெக்டைத் தேடிக்கொண்டிருந்தபோது இவன் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஆராய்ச்சிக்குக் கைடு தேடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பேர் பெற்றவரா என்று பார்ப்பதற்கு முன், அவரிடம் படிக்கிறவர்கள் எத்தனை வருஷத்தில் முடிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பி.எச்டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு என்பது விதி. ஒருவரிடம் எல்லோரும் ஆறாவது வருஷத்தில் நீட்டிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால், காரணம் எல்லா மாணவர்களிடமும் இருக்க முடியாது. கல்லூரி முதல்வர் இருக்கும் மேடையில் இதற்கு மேல் வேண்டாம்.

இனி வீடு. உத்தியோக இலக்கு என்று தனியாக ஒன்றும், சொந்த வாழ்க்கை என்று தனியாக ஒன்றும் நமக்குக் கிடையாது. தங்கை கல்யாணம், அப்பாவின் சர்க்கரை, குழுக் கடன் தவணை எல்லாம் சேர்ந்துதான் நீங்கள் எத்தனை வருஷம் படிக்கலாம் என்று முடிவு செய்கின்றன. கல்விக்கடன் வாங்கியவர்கள் கவனியுங்கள். படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்பது வழக்கமான ஏற்பாடு. ஆனால் வட்டி அந்தக் காலத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாஸ்புக்கை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள்.

வீட்டில் பேசும்போது ‘நான் பெரிய ஆளா வருவேன்’ என்று சொல்லாதீர்கள். நம் அப்பா அம்மாக்கள் அதை நிறையக் கேட்டுவிட்டார்கள். தேதியையும் தொகையையும் சொல்லுங்கள். முன்பு சொன்னேனே, பஸ்ஸில் வந்த பெண், அவள் வீட்டில் பேசியதை என்னிடம் சொன்னாள். ‘பி.எச்டி.ன்னா எத்தனை வருஷம்மா?’ என்று அப்பா கேட்டிருக்கிறார். ‘இப்ப எனக்கு இருபத்தொண்ணு. எம்.ஏ. முடிக்கையில இருபத்திமூணு. குறைஞ்சது மூணு வருஷம்ப்பா, கூடினா ஆறு. ஆனா ஜே.ஆர்.எஃப். வந்துட்டா மாசம் 37,000 ரூபா குடுப்பாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. நான் உங்ககிட்ட காசு கேக்க மாட்டேன். நெட்டை மூணு தடவை எழுதுறேன். வரலைன்னா நீங்க சொல்றதைக் கேக்குறேன்’ என்றாளாம். அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை. ‘அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கம்மா’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் ஜாதகம் வெளியே வரவில்லை. 37,000 என்ற எண் ஜாதகத்தை நிறுத்தியதைப் பற்றிச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்தியது உண்மை.

மூன்று தடவை என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்தது. முடியும்வரை முயல்வேன் என்பது கேட்க நன்றாக இருக்கும். முப்பது வயது வரை அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருக்கிற அண்ணன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு யாரும் எண்ணிக்கை சொல்லித்தரவில்லை. ஜே.ஆர்.எஃப். என்கிற அந்த ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. நெட்டை உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதுவதற்கு வயது வரம்பே இல்லை. வரம்பு இல்லை என்பதாலேயே நீங்கள் ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணம் ஆகிவிட்டால் ஆராய்ச்சி அவ்வளவுதான் என்று நினைக்கும் பெண்களுக்கு விதியில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பி.எச்டி. படிக்கும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. அதிகபட்ச கால வரம்பிலும் 2 ஆண்டு கூடுதலாகத் தருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த விதி தெரியாது. நீங்கள் தெரிந்து வைத்திருங்கள்.

அடுத்த மே மாதம் வந்தும் முடிவெடுக்க முடியாதவர்கள் சிலர் இருப்பீர்கள். அதற்கும் ஒன்று சொல்கிறேன். இந்த வருஷம் முழுக்க ஒரு சின்ன நோட்டில், பாடத்துக்கு வெளியே நீங்களாகச் செய்ததை மட்டும் எழுதி வாருங்கள். எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், எந்தப் பழைய வினாத்தாளைப் போட்டுப் பார்த்தீர்கள், எந்தப் பிள்ளைக்கு டியூஷன் எடுத்தீர்கள், எந்த ஆபீஸில் போய் விசாரித்தீர்கள். மே மாதம் அதைப் புரட்டிப் பாருங்கள். நெட் எழுதுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் நோட்டில் முழுக்க டியூஷன் கணக்கு இருக்கலாம். அப்படியானால் அவர் பி.எட். விண்ணப்பம் வாங்கட்டும். நோட்டு காலியாக இருந்தால், அப்போது என்னிடம் வாருங்கள், நான் திட்டுவேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து மீதி இருக்கும் மணி நேரத்தை எண்ணுவோம்.

கேள்விகளுக்கு இருபது நிமிஷம் இருக்கிறது. யார் முதலில்?